விகோ ஸ்வென் என்ற பொலிஸ்காரர்

போன செவ்வாய்க்கிழமை காலை செல்வம் தொலைபேசியில் அழைத்தான். இக்காஸ்ட் பின்னல் ஆலையில் எனக்குப் பக்கத்து மெசினில் நின்றவன். "அண்ணை, எங்கட ஸ்வென் மோசம் போயிட்டார்" என்றான். இறந்தது எந்த ஸ்வென் என்று நான் கேட்கவில்லை. டென்மார்க்கில் ஆயிரம் ஸ்வென் இருக்கலாம். அந்த நாட்களில் இக்காஸ்டுக்கு வந்த தமிழருக்கு ஒருவர்தான்: பொலிஸ் நிலையத்தில் வெளிநாட்டவரின் விண்ணப்பங்களை வாங்கிய ஸ்வென் யெப்பசன். அவரைத் தெரிந்த உங்களுக்காகவும், தெரியாத நம் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஊரில் விட்டுவந்த என் மனைவியையும் மகளையும் அழைக்க விண்ணப்பம் கொடுக்கப் போனபோதுதான் அவரை முதலில் கண்டேன். பொலிஸ் என்றால் வேலி பாய்ந்து ஓடிப் பழகிய ஆள் நான். கதிரையின் நுனியில் இருந்தேன். டெனிஷ்காரர் கடைசியில் நிற்கும் பெயரைத்தான் குடும்பப் பெயர் என்று எடுப்பார்கள். என் பெயர் சின்னத்துரை யோகராசா. மனைவி யோகராசா மலர்விழி. மகள் யோகராசா நிர்மலா. ஒரு வீட்டில் மூன்று பேர், மூன்று குடும்பப் பெயர்! "நீங்கள் ஒருவருக்கொருவர் என்ன முறை?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பெண்சாதி பெண்சாதிதானே, இதிலென்ன கேள்வி? தாளை இழுத்து, தகப்பன் பெயர் முன்னுக்கு, சொந்தப் பெயர் பின்னுக்கு, கலியாணம் முடித்தால் புருஷன் பெயர் முன்னுக்கு என்று அரைகுறை டெனிஷில் கீறிக் காட்டினேன். அவருடைய கோப்பி ஆறிப்போனது. பிறகு சிரித்தார். "என் முப்பாட்டன் காலத்தில் நாங்களும் இப்படித்தான். யெப்பவின் மகன் யெப்பசன். நாங்கள் நடுவில் நிறுத்திவிட்டோம், நீங்கள் நிறுத்தவில்லை" என்றார். மறுநாளே அதை ஒரு பக்கத்தில் விளக்கமாகத் தட்டச்சு செய்து, எங்கள் ஒவ்வொருவரின் கோப்போடும் இணைத்துவிட்டார். அதைச் செய்யச் சொல்லி அவரிடம் யாரும் கேட்கவில்லை.

அப்படியும் கோப்புகள் அசையவில்லை. மேலிடத்தில் எங்கள் விண்ணப்பங்களை வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்ததும், அது பின்னாளில் தமிழர் வழக்காக வெடித்து அரசாங்கமே பதவி விலகியதும் உங்களுக்குத் தெரியும். அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. வேறு எங்கே கேட்டாலும் "பரிசீலனையில் இருக்கிறது" என்பார்கள். ஸ்வென் மட்டும், "உங்கள் தாளில் பிழையில்லை. மேலே கிடக்கிறது. ஏனென்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லமாட்டேன்" என்பார். மாதாமாதம் தானே எழுதிக் கேட்பார். வராத பதிலைச் சொல்வதற்காகச் சைக்கிளில் ஆலை வாசல்வரை வந்த பொலிஸ்காரரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்தக் காலத்தில்தான் இக்காஸ்டில் டெனிஷ்காரரின் ஊர்ச் சங்கம் ஒன்று, ஊருக்குச் சேவை செய்தவருக்கு விருது கொடுக்கப் பெயர் கேட்டது. பத்துப் பேர் கையெழுத்து வைத்தால் போதும். ஸ்வென்னின் பெயரைக் கொடுப்போம் என்றேன். ஆலைச் சாப்பாட்டு அறையில் பெரிய சண்டை.

"பொலிசுக்கு மாலை போட்டா பைல் நகருமெண்டு நினைக்கிறியளோ அண்ணை?" என்றான் செல்வம். "மேல இருக்கிறவங்கள் இதைக் கண்டு எரிஞ்சு விழுந்தா உள்ளதும் போச்சு. என்ர மனிசி அங்க ஷெல்லடிக்குள்ள நிக்கிறாள்."

அவனுடைய பயம் நியாயமானது. எனக்கும் அதே பயம்தான். "பைல் நகராதடா. ஆனா அந்த மனிசன் செய்யிறதை இந்த ஊர் அறிய வேணும்" என்றேன். மூன்று நாள் கதைத்தோம். கடைசியில் செல்வமே பேனையைப் பறித்து, "சரி, முழுக்க நனைஞ்ச பிறகு முக்காடு என்னத்துக்கு" என்று கையெழுத்து வைத்தான்.

படிவத்தை நிரப்பியவன் நான். அங்கேதான் என் அதிமேதாவித்தனம் வேலை செய்தது. யெப்ப என்பவர் நூறு வருடத்துக்கு முந்திய யாரோ, விருது அவருக்கா? மரியாதையாக எழுதவேண்டும் என்று, ஸ்வென்னிடம் பேச்சுவாக்கில் தகப்பன் பெயரைக் கேட்டறிந்து, எங்கள் முறைப்படி அதை முன்னுக்குப் போட்டு "விகோ ஸ்வென், பொலிஸ்" என்று எழுதி அனுப்பினேன். ஒரு கிழமையில் சங்கத்தின் செயலாளர் அம்மா பதில் போட்டார். அப்படியொரு பொலிஸ்காரர் இந்த ஊரில் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் படிவம் தள்ளுபடி.

செல்வம் தலையில் அடித்துக்கொண்டான். "பத்துப் பேர் பயந்து பயந்து வைச்ச கையெழுத்தை இல்லாத ஆளுக்குக் குடுத்திட்டியளே!"

வெட்கத்தோடு அந்த அம்மாவிடம் போனேன். என் டெனிஷை நம்பி விளக்கத் தொடங்கினால் வெள்ளிக்கிழமை போய்விடும். என் விண்ணப்பப் பிரதியோடு இருந்த பெயர் முறை பற்றி ஸ்வென் தட்டச்சு செய்த பக்கத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் வாசித்தார். எங்கள் படிவத்தைப் பார்த்தார். திரும்ப வாசித்தார்.

"இவ்வளவு தெளிவாக எழுதியது யார்?" என்று கேட்டார்.

"விகோ ஸ்வென்" என்றேன்.

அந்த அம்மா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். படிவத்தை ஏற்றுக்கொண்டு முத்திரையும் குத்தினார்.

விருது அவருக்கே கிடைத்தது. மண்டபத்தில் நாங்கள் பத்துப் பேரும் இரவல் கோட்டுகளோடு முன்வரிசையில் இருந்தோம். செயலாளர் பெயரை டெனிஷ் முறையில் ஒருமுறை, தமிழ் முறையில் ஒருமுறை வாசித்தார். செல்வம் விசிலடித்தான். அந்த மண்டபத்தில் அதற்கு முன் யாரும் விசிலடித்திருக்க மாட்டார்கள். ஸ்வென் ஒலிவாங்கிக்கு முன் வந்தார். "என் அப்பா விகோ பிறர் பண்ணையில் மாடு பார்த்தவர். அவர் பெயரை எந்த மேடையிலும் எவரும் வாசித்ததில்லை. இன்று தமிழர்கள் வாசிக்க வைத்துவிட்டார்கள்" என்றார். பிறகு ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் கேட்க, எங்கள் பக்கம் கையைக் காட்டி, இவர்களின் மனைவியரும் பிள்ளைகளும் இன்னும் வந்து சேரவில்லை என்று சொன்னார். மண்டபமே எழுந்து கைதட்டியது. எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

தடை நீங்கியதும் குடும்பங்கள் வந்தன. செல்வத்தின் மனைவி வந்தாள். மலரும் நிர்மலாவும் வந்தார்கள். கையெழுத்து வைத்ததால் ஒருவருக்கும் ஒரு தீங்கும் வரவில்லை.

ஸ்வென்னால் எனக்குக் கிடைத்த ஒன்றைக் கடைசிவரை வைத்திருப்பேன். இந்த நாட்டில் கால் வைத்த நாள் முதல் எத்தனையோ தாள்களில் கையெழுத்து வைத்தேன். தங்க இடம் கேட்டு, வேலை கேட்டு, மனைவியையும் பிள்ளையையும் கேட்டு. ஒன்றைக் கேட்காமல், ஒருவருக்குக் கொடுப்பதற்காக நான் வைத்த முதல் கையெழுத்து அவருடைய படிவத்தில்தான் இருக்கிறது. நான் இக்காஸ்டில் குடியேறியது அன்றைக்குத்தான்.