பொதுக்கூட்டத்தில் கொத்தமல்லித் தண்ணி

அமெரிக்கா பிரிட்டனை விட்டுப் பிரிந்த கதை எங்கள் வீட்டுக்குள் வந்தது என் மகளின் பள்ளிக்கூடப் பையோடுதான். அவள் ஒன்பதாம் வகுப்பு. வகுப்பில் எழுந்து நின்று பேசுவதற்கு அவளுக்குக் கிடைத்த தலைப்பு அது. ஆசிரியை ஒரு நிபந்தனையும் போட்டிருந்தாராம். போர், தளபதி, துப்பாக்கி ஒன்றும் வேண்டாம். போருக்கு முந்தைய வருடங்களில் சாதாரணச் சனம் என்ன குடித்தது, என்ன உடுத்தது, கடைத்தெருவில் எதைச் சொல்லி எரிச்சல்பட்டது, அதை மட்டும் சொல்ல வேண்டும். ஒத்திகை கேட்க ஓர் ஆள் தேவைப்பட்டது. தகப்பன் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு, தப்பி ஓட வழியில்லாமல் நின்றது நான்.

அவள் டேனிஷில் சொன்னாள். நான் தமிழில் கேள்வி கேட்டேன். எங்கள் வீட்டில் சண்டையும் சமாதானமும் இப்படி இரண்டு மொழியில்தான் நடக்கும். ராசாவும் அவருடைய பாராளுமன்றமும் கடலுக்கு அந்தப் பக்கம். அங்கே இருந்துகொண்டு இந்தப் பக்கத்துச் சனத்தின் தேயிலைக்கு வரி போட்டார்களாம். அந்தப் பாராளுமன்றத்தில் இந்தச் சனத்துக்காக வாய் திறக்க ஓர் ஆள் கிடையாது. வரியை விட அதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லையாம். பெண்கள் கூடிப் பேசி, இனி எங்கள் வீட்டில் தேத்தண்ணி இல்லை என்று முடிவெடுத்தார்களாம். பதிலுக்கு ராஸ்பெரி இலையை அவித்துக் குடித்தார்களாம். இங்கிலாந்துத் துணி வேண்டாம் என்று வீட்டிலேயே நூல் நூற்றார்களாம். பாஸ்டன் துறைமுகத்தில் ஆண்கள் கப்பலில் ஏறித் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியது அதற்குப் பிறகுதானாம்.

அவ்வளவு தேயிலையையும் கொட்டினார்களா என்று எனக்கு வயிறு எரிந்தது. அது எங்கள் இலங்கைத் தேயிலையா என்று கேட்டேன். இல்லையாம், சீனத் தேயிலையாம். எங்கள் மலைகளில் அப்போது தேயிலையே நடவில்லையாம். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அதே கிழமைதான் என் கணவர் ஒரு செய்தியை மெதுவாக வாயிலிருந்து இறக்கினார். அவர் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் நிர்வாகசபையில் இருக்கிறார். சங்கம் டென்மார்க்கின் வைலே நகரத்தில். நாங்கள் அங்கிருந்து தள்ளி, கிரின்ஸ்டெட் என்ற சின்ன ஊரில். சனிக்கிழமைகளில் இங்கே நூலகத்தின் பின்னறையில் என் மகள் உட்படப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பது நான். மற்ற நாட்களில் முதியோர் இல்லத்தில் வேலை. அந்த வகுப்பை இந்தக் கோடையோடு மூடிவிட்டு, பிள்ளைகளை வைலே வகுப்போடு சேர்ப்பதென்று நிர்வாகசபை தீர்மானித்துவிட்டதாம். பொதுக்கூட்டத்தில் கை உயர்த்தி ஒப்புக்கொள்வது மட்டும்தான் பாக்கியாம்.

வைலேக்குப் போக இங்கிருந்து நல்ல பஸ் இல்லை. பாதித் தாய்மாருக்குக் கார் ஓடத் தெரியாது, நானும் அதில் ஒருத்தி. தகப்பன்மாருக்குச் சனிக்கிழமையும் வேலை. வகுப்பை மூடினால் இந்தப் பிள்ளைகளின் தமிழ் அந்த அறையோடு முடிந்துவிடும். “அ” எழுதப் பென்சிலைப் பிடித்துக் கொடுத்த கை என்னுடையது. எனக்கு அழுகை வந்தது, அதை விடக் கூடுதலாகக் கோபம் வந்தது.

“எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவப்பா” என்றார்.

“எல்லாரும் எண்டால் ஆர்? எங்களை ஆர் கேட்டது?”

சோபாவில் கிடந்து தொலைபேசியை நோண்டிக்கொண்டிருந்த மகள், தலையைக்கூட நிமிர்த்தாமல், பாஸ்டனில் இருந்தவர்களும் இதையேதான் கேட்டார்கள் என்று டேனிஷில் சொன்னாள். சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு நோண்டினாள். எனக்குத்தான் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

இங்கே எங்கள் சங்கத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எந்த நிகழ்ச்சி என்றாலும் தேத்தண்ணி போடுவது கிரின்ஸ்டெட் பெண்கள். ஏன் என்று கேட்காதீர்கள். எப்போதோ ஒரு சரஸ்வதி பூசைக்கு நாங்கள் போட்ட தேத்தண்ணியை யாரோ வாயாரப் புகழ்ந்துவிட்டார்கள். அந்தப் புகழ் அப்படியே கழுத்தில் தொங்கி வேலையாகிவிட்டது. பொதுக்கூட்டம் என்றாலும் அதேதான். ஆண்கள் கதிரையில் உட்காரும்போது நாங்கள் குசினிக்குள் போவோம். கூட்டம் முடிந்து கை தட்டும் சத்தம் கேட்டால் தட்டங்களோடு வெளியே வருவோம். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாது. வடையில் உப்புக் குறைவு என்று யார் சொன்னார்கள் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

மட்டக்களப்பு அக்காவைக் கூப்பிட்டேன். எங்கள் ஊரில் கார் ஓடத் தெரிந்த பெண்களில் முதலாவது ஆள் அவர்தான். இறைச்சித் தொழிற்சாலையில் வேலை, குரலும் அதற்கேற்ற குரல். இந்த முறை தேத்தண்ணி போடுவதில்லை என்றேன். விசயத்தைக் கேட்டதும் அவருக்கும் பொத்துக்கொண்டு வந்தது. அப்படியே செய்வோம் என்றார். பிறகு, வந்த சனத்துக்கு ஒன்றுமே கொடுக்காமல் எப்படி விடுவது என்று கேட்டார். எனக்கும் அதே கவலைதான். நாங்கள் கோபிக்கலாம், ஆனால் வந்தவர்கள் வெறும் வயிற்றோடு போகக் கூடாது. எங்கள் புரட்சி அந்த இடத்திலேயே கொஞ்சம் வளைந்துவிட்டது.

அமெரிக்காக்காரிகள் இலை அவித்த கதையைச் சொன்னேன். ராஸ்பெரி இலைக்கு இந்தக் குளிரில் எங்கே போவது என்று அக்கா கேட்டார். வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தோம். கொத்தமல்லி இருந்தது. இஞ்சியும் தட்டிப் போட்டு வீட்டிலேயே அவித்து, சுடுதண்ணிப் போத்தல்களில் நிரப்பிக் கொண்டுபோனால் குசினிப் பக்கம் தலை காட்டவே தேவையில்லை. அருமையான யோசனை என்று இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டோம். கொத்தமல்லித் தண்ணியை எங்கள் சனம் எப்போது குடிக்கும் என்று இரண்டு பேரில் ஒருத்திக்கும் அந்த நேரம் ஞாபகம் வரவில்லை.

வீட்டிலும் தேயிலையை நிறுத்தினேன். நிர்வாகசபை உறுப்பினர் ஒருவர் என் கூரையின் கீழ்தானே இருக்கிறார். முதல் நாள் அவர் சிரித்தார். அடுத்த நாள் தேயிலை டின்னைத் தேடினார், அது என் வேலைப் பையில் இருந்தது. கோப்பியைக் குடிக்கச் சொன்னேன். கோப்பி குடித்தால் நெஞ்செரிவு என்றார். ஒரு நாள் முதியோர் இல்லத்தில் கூட வேலை செய்பவள் என்னைத் தனியே கூப்பிட்டு, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். பெற்றோல் நிலையத்தில், காருக்குள், என் மனிதர் தனியே இருந்து கடதாசிக் கோப்பையில் தேத்தண்ணி குடித்ததைக் கண்டாளாம். முகம் பார்க்கச் சகிக்கவில்லையாம். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் டின்னைக் கொடுக்கவில்லை.

பொதுக்கூட்டத்தன்று மட்டக்களப்பு அக்காவின் காரிலும் இன்னும் இரண்டு கார்களிலும் நெருக்கி அடித்துக்கொண்டு வைலே போனோம். சங்கம் வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட மண்டபம். வாசலிலேயே மேசை போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் கோப்பையை நீட்டினோம். முதலாவதாக வாங்கிய பெரியவர் மணந்து பார்த்தார்.

“ஆருக்குப் பிள்ளை தடிமன்?” என்று கேட்டார்.

ஒருவருக்கும் சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. தனக்குத் தெரியாமல் ஏதோ வருத்தம் பரவுகிறது என்றும், கிரின்ஸ்டெட் பெண்கள் நல்ல மனதோடு முற்காப்புச் செய்கிறார்கள் என்றும் அவராகவே முடிவுகட்டி, பக்கத்தில் இருந்தவருக்கும் சொன்னார். அந்தக் கதை கதிரைக்குக் கதிரை போயிற்று. முன்வரிசையில் ஆட்கள் கதிரைகளைத் தள்ளிப் போட்டார்கள். ஒரு பெண் கைப்பையின் அடியிலிருந்து பழைய முகக்கவசத்தைத் தோண்டி எடுத்து மாட்டினாள். யாரோ தும்மினார்கள். அவரைச் சுற்றி உடனே ஒரு முற்றம் அளவு இடம் வெளித்தது. போஸ்டர் பிடித்துக் கத்தினால்கூட இவ்வளவு கலவரம் வந்திருக்காது.

சங்கத் தலைவர் என்னிடம் வந்தார். நல்ல மனிதர். தலைவராக இருப்பதைத் தவிர அவரிடம் வேறு குறை இல்லை.

“தங்கச்சி, கிரின்ஸ்டெட்டில ஏதும் வருத்தமோ?”

“இல்லை அண்ணை. வகுப்பை மூடுறியள் எண்டு கோவம். அதுதான் தேத்தண்ணி இல்லை.”

அவர் கோப்பைக்குள் பார்த்தார். என்னைப் பார்த்தார். மரியாதை தெரிந்தவர், இன்னொரு வாய் குடித்துவிட்டு, இஞ்சி நல்லாய் இறங்கியிருக்கு என்று சொல்லி மேடைக்குப் போனார். எங்கள் எதிர்ப்பு அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

கூட்டம் தொடங்கியது. பழக்கத்தில் நாங்கள் எல்லோரும் எழுந்து குசினிப் பக்கம் நடந்தோம். அங்கே செய்ய ஒன்றும் இல்லை. வெறும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பது? திரும்பி வந்து பின்வரிசைகளில் உட்கார்ந்தோம். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொதுக்கூட்டத்தைப் பார்த்தேன். இவ்வளவு நாளும் உள்ளே பெரிய காரியம் நடக்கிறது என்று நினைத்து வெளியே தேத்தண்ணி ஆற்றியிருக்கிறேன். போன வருட அறிக்கையில் ஒலிவாங்கி பழுதானதா, பழுதாக்கப்பட்டதா என்பதிலேயே நேரம் முழுவதும் போயிற்று. முதியோர் இல்லத்தில் என் கிழவர்கள் இதை விட வேகமாக முடிவெடுப்பார்கள்.

கடைசியில் எங்கள் விசயம் வந்தது. கிரின்ஸ்டெட் வகுப்பை வைலேயோடு சேர்ப்பதை ஆதரிப்பவர்கள் கை உயர்த்துங்கள் என்றார் தலைவர். முன்வரிசைகளில் கைகள் எழுந்தன. எண்ணினார். எதிர்ப்பவர்கள் என்று கேட்டுக்கொண்டே கடதாசியை மடிக்கத் தொடங்கினார், ஏனென்றால் அதுதான் அவருடைய வழக்கம். மட்டக்களப்பு அக்கா கையை உயர்த்தினார். அவருடைய காப்புச் சத்தத்தில் நானும் உயர்த்தினேன். பின்வரிசை முழுவதும் உயர்ந்தது. வைலேப் பெண்கள் சிலரும் எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு உயர்த்தினார்கள்.

பெண்களுக்கு வாக்கு உண்டா என்று முன்னாலிருந்து ஒருவர் கேட்டார். செயலாளர் சங்க விதிகள் எழுதிய யாப்பை எடுத்துப் புரட்டினார். உண்டாம். எல்லா அங்கத்தவருக்கும் உண்டாம். தொடக்கத்திலிருந்தே உண்டாம்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்களை ஒருவரும் அடக்கி வைக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் அவர்கள் கை உயர்த்திய நேரத்தில் எங்கள் கையில் தேயிலை வடி இருந்தது, அவ்வளவுதான். கொத்தமல்லித் தண்ணியால் ஒருவரும் மனம் மாறவில்லை. அது எங்களைக் குசினியிலிருந்து கதிரைக்குக் கொண்டுவந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, இத்தனை வருடத்தை நினைத்து வயிற்றெரிச்சலும் வந்தது.

எண்ணிக்கை கிட்டத்தட்டச் சமமாக வந்தது. எதிர்த்த கைகளைத் தலைவர் திரும்ப எண்ணினார். அப்போது மேடையில் இருந்த என் கணவர், யாரையும் பார்க்காமல், தலையைச் சொறிவது போலத் தொடங்கி, கையை அப்படியே மேலே கொண்டுபோனார். வகுப்பு தப்பியது. காரில் வரும்போது ஏன் உயர்த்தினீர்கள் என்று கேட்டேன். தேயிலை டின் எங்கே என்று கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை நான் தரையில் நடக்கவில்லை. புதுச் சேலை, வடைப் பெட்டி. பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, உங்களுடைய அம்மாமார் போராடி இந்த வகுப்பைக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்று சொன்னேன். பிள்ளைகள் வடைப் பெட்டியைப் பார்த்தார்கள். பின்மூலையில் இருந்த என் மகள் மட்டும் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அமைதியாக, டேனிஷில் கேட்டாள்: எங்களை யாராவது கேட்டீர்களா?

அவளுக்கு ஒரு அறை விடலாம் போல இருந்தது. அந்தக் கேள்வியைத்தான் நான் வாய்க்கு வாய் சொல்லிக்கொண்டு வைலே வரை போயிருந்தேன். இப்போது கடலுக்கு அந்தப் பக்கத்து ராசா நானாகிவிட்டேன். கேட்காமல் விட்டால் என் வாய்க்கு மதிப்பில்லை. கேட்டால், ஒரு மண்டபம் முழுக்கச் சண்டை போட்டுக் காப்பாற்றிய வகுப்பை இந்தப் பொடியள் ஒரு நிமிடத்தில் மூடிவிடலாம். உண்மையாகவே பயந்தேன். பயந்துகொண்டேதான், வகுப்பு வேண்டும் என்பவர்கள் கை உயர்த்துங்கோ என்றேன்.

சின்னவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு கை எழுந்தது. பிறகு இன்னொன்று. மெல்ல மெல்ல எல்லாக் கையும் எழுந்தது. சிலது வடைக்காக எழுந்த கை, அது எனக்குத் தெரியும், எண்ணும்போது அதையெல்லாம் பார்க்க முடியாது. வேண்டாம் என்பவர்கள் என்று கேட்டேன். ஒரே ஒரு கை. மடங்காமல், நேராக. என் மகளுடையது.

வீட்டுக்கு வந்து அன்று முழுவதும் நான் அவளோடு பேசவில்லை. கோபம் என்று சொன்னேன், உண்மையில் நெஞ்சு நொந்து போயிருந்தது. அடுத்த சனிக்கிழமை காலை அவளை எழுப்பவும் இல்லை. வாக்குப் போட்டவள், அவளுடைய உரிமை, வீட்டில் கிடக்கட்டும். சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணியை நிரப்பிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அவள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றாள்.

“வேண்டாமெண்டு கை தூக்கினனியெல்லோ?” என்றேன்.

“ஓம். இப்பவும் வேண்டாம்தான்.” தமிழில் சொன்னாள்.

“பிறகேன் வாறாய்?”

“நீங்கள் கேட்டனீங்கள்.”

சுடுதண்ணிப் போத்தலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். நான் கதவைப் பூட்டிவிட்டுப் பின்னால் போனேன்.