நோட்டீஸுக்குக் கீழே ஒரு குளியல்

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. குடிநீர்க் கிணற்றில் மோட்டார் கால் மணி நேரம் ஓடினாலே காற்றை இழுத்தது. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர், வீட்டுக்கு ஐந்து குடம் என்று எங்கள் பேரூராட்சி அலுவலகத்தில் முடிவு செய்தார்கள். அதற்கு நோட்டீஸ் எழுதும் வேலை எழுத்தரான எனக்கு வந்தது.

நான் பிரம்மதேசம் பக்கத்து விவசாயக் குடும்பம். மரக்காணத்துக்கு மாற்றலாகி வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. உப்பளத்தைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. இந்தத் தகுதியோடுதான் உப்பளத்துக்காரர்களுக்கு விதி எழுத உட்கார்ந்தேன். வண்டி கழுவக் கூடாது, குழாயில் மோட்டார் மாட்டக் கூடாது என்று அதிகாரி சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். ‘பொதுக் குழாயடியில் குளிப்பதோ, கை கால் கழுவுவதோ அறவே கூடாது’ என்று நானாக ஒன்றைச் சேர்த்தேன். ‘அறவே’ என்ற சொல் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அச்சாகி வந்ததும் அந்த வரியை மட்டும் இரண்டு முறை படித்தேன்.

உப்பளத்துக்குப் போகும் சாலை முனையில், லாரித் தண்ணீர் நிரப்பும் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று இருந்தது. விடிவதற்கு முன்பே உப்பு வாரப் போகிற பெண்கள், பதினொரு மணி வாக்கில் திரும்பும்போது அதன் குழாயில் கை கால் கழுவுவார்கள். தொட்டியில் நோட்டீஸை ஒட்டிவிட்டு, மறுநாள் முதல் காவலுக்கும் போய் நின்றேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை.

முதல் நாளே, அவர்களில் மூத்தவளாகத் தெரிந்த ஓர் அம்மாள் கேட்டாள்.

“கால மட்டும் கழுவிக்கிறோம் சார். உப்போட அப்பிடியே ஊட்டுக்குப் போனா தோலு வெடிச்சிடும்.”

“வீட்ல போய்க் கழுவிக்குங்கம்மா.”

“ஊட்டுக்கு அஞ்சு கொடம்தான உடறீங்க?”

“ரூல்ஸ்னா ரூல்ஸ்தாம்மா.”

எல்லோரும் வேப்பமர நிழலில் போய் உட்கார்ந்தார்கள். என் பேச்சுக்கு இருக்கிற மதிப்பை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு வாரம் போயிருக்கும். குழாயடியில் நின்றபடி பார்த்தேன்: தூரத்தில் ஒரு பைப்பிலிருந்து உப்புப் பாத்திக்குள் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. குடிநீர் லைனை உடைத்து உப்பளத்துக்கு எடுக்கிறார்கள் என்று சட்டென்று முடிவு செய்தேன். நல்ல தண்ணீரைப் பாய்ச்சி யாராவது உப்பு எடுப்பார்களா என்று யோசிக்கவில்லை. போட்டோ எடுத்து அதிகாரியிடம் நீட்ட வேண்டும் என்பதுதான் மனதில் இருந்தது.

போனைக் கையில் பிடித்துக்கொண்டு, பாத்திகளுக்கு நடுவே இருந்த ஒற்றையடி வரப்பில் நடந்தேன். அலுவலக ஷூ. ஈரக் களிமண். பைப்பை நெருங்கி, போனை உயர்த்தி, ஒரு அடி பின்னால் வைத்தேன். அடுத்த நொடி பாத்திக்குள் உட்கார்ந்திருந்தேன்.

அடியில் படிந்திருந்த உப்பு இரண்டு உள்ளங்கைகளையும் சிராய்த்துவிட்டது. காலையில் சவரம் செய்த முகம் முழுக்கத் தண்ணீர் தெறித்தது. வாயில் போனதைத் துப்பினேன். கடல் தண்ணீரைவிடக் கரித்தது. குடிநீர் லைன் விஷயம் அத்தோடு தெளிவாகிவிட்டது. எரிச்சல் தாங்காமல் முகத்தைத் துடைக்கப் போய், அந்தக் கையைக் கண்ணிலும் வைத்தேன்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழாயடிக்கு ஓடிவந்தேன். குழாயை முழுவதும் திறந்துவிட்டுத் தலையைக் கீழே கொடுத்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. குழாய் நின்றது. நிமிர்ந்தால், அந்த அம்மாள் திருகின் மேல் கை வைத்தபடி நின்றாள். பின்னால் மற்றவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

“எனக்குப் படிக்கத் தெரியாது சார். இதுல என்னா எழுதிருக்குது?”

சொட்டச் சொட்ட நின்று படித்தேன். ‘அறவே’ வந்த இடத்தில் குரல் இறங்கிவிட்டது. ஒருத்தி அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. ஒரு குடத்தில் தண்ணீர் பிடித்தாள். “குந்து. மொதல்ல கண்ணு” என்று சொம்பால் மெல்ல ஊற்றினாள். பிறகு கை, பிறகு கால். “தேய்க்காத, எரியும்.” ஒரு குடம் முடிவதற்குள் எரிச்சல் அடங்கிவிட்டது. நான் அதற்குள் தரையில் ஓடவிட்டிருந்தது நான்கு குடமாவது இருக்கும்.

ஈரத்தோடு அதிகாரி முன் போய் நின்றேன்.

“என்னய்யா, மழையா?” என்று ஆசையாக ஜன்னலைப் பார்த்தார்.

“இல்ல சார். கள ஆய்வுக்குப் போயிருந்தேன்.”

நடந்ததை முடிந்தவரை சுருக்கிச் சொன்னேன். அவர் சுருக்க விடவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டு, சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அந்த வரியை யாருய்யா சேர்த்தது?” என்றார். நான்தான் என்றேன். உப்பள வேலை செய்பவர்கள் குழாயடியில் கை கால் கழுவலாம், ஆளுக்கு ஒரு குடம் என்று மாற்றி எழுதச் சொன்னார்.

மறுநாள் பசையும் புது நோட்டீஸுமாகப் போனேன். பெண்கள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

“இனிமே நீங்க தாராளமா கழுவலாம்மா” என்றேன் அந்த அம்மாளிடம்.

“தெனமும் கழுவிட்டுதான் போறோம் சார்” என்றாள் அவள். “நீ டீ குடிக்கப் போவ இல்ல, அதுக்குதான் இங்க காத்துனு இருப்போம். சீக்கிரம் ஒட்டிட்டுப் போ, பசிக்குது.”

நான் போகவில்லை. குழாயைத் திறந்து, முதல் குடத்தை நானே பிடித்துக் கொடுத்தேன். குடத்தை விளிம்பு வரை நிரப்பித் தரையில் சிந்தியதற்கு அவளிடம் திட்டும் வாங்கினேன்.