அப்பா கட்டிக்கொண்ட கயிறு

அப்பா குடிக்காமல் இருந்த அந்த ஆறு மாதம்தான் எங்கள் வீட்டின் பொற்காலம் என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அதற்கு முன்பெல்லாம் ஷிஃப்ட் முடிந்ததும் டவுன்ஷிப்புக்கு வெளியே இருந்த பாரில் உட்கார்ந்து எழுந்துதான் அப்பா குவார்ட்டர்ஸுக்கு வருவார்.

அவருடைய ஒரே தம்பியான சித்தப்பாவும் அங்கே வருவார். கம்மாபுரம் பக்கம் இருந்த எங்கள் நிலத்தைச் சுரங்கத்துக்கு எடுத்தபோது குடும்பத்துக்குக் கிடைத்த ஒரே வேலை, மூத்தவர் என்று அப்பாவுக்குப் போனது. அப்பா பெர்மனென்ட் ஆனார், சித்தப்பா கான்ட்ராக்டில் நின்றுவிட்டார். அம்மாவும் சித்தியும் வார்த்தையை விட்டார்கள். இனி ஒருவர் வாசலை ஒருவர் மிதிப்பதில்லை என்று ஆயிற்று. கல்யாணம், காதுகுத்து எதிலும் நாங்கள் சேர்ந்து நின்றதில்லை. அண்ணனும் தம்பியும் மட்டும் தினமும் அந்த பாரில் ஒரே தட்டில் சுண்டல் தின்றார்கள்.

குடியை விட நினைப்பவர்கள் கோயிலில் சத்தியம் செய்து கையில் கயிறு கட்டிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் அப்பாவும் ஆறு மாதத்துக்குக் கட்டிக்கொண்டார். குடிக்க மாட்டேன் என்று மட்டும்தான் பூசாரி சொல்லச் சொன்னார். அம்மா அதோடு விடவில்லை.

"கடை வாசலையே மிதிக்க மாட்டேன்னு சொல்லுங்க."

அப்பா சற்று யோசித்துவிட்டுத்தான் சொன்னார். அந்த யோசனைக்காக அம்மா வழியெல்லாம் அவரைக் கேலி செய்துகொண்டே வந்தாள்.

சாமி விஷயத்தில் அப்பா வாக்கு மாறுகிறவர் இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஒருநாள் சித்தப்பா சைக்கிளில் வந்து எங்கள் வேலிக்கு வெளியே நின்றார். உள்ளே வாங்க என்றேன். வரவில்லை.

"நீ பாருக்கு வரலன்னா நான் உன்ன எங்க வந்து பாக்கறதுன்னு சித்தப்பா கேட்டாருன்னு அப்பாகிட்ட சொல்லு பாப்பா."

சாப்பிடும்போது சொன்னேன். குடிக்கத் துணையில்லாமல் தவிக்கிறார் போலிருக்கிறது என்று அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. கயிற்றைத் திருகியபடி உட்கார்ந்திருந்தார். இருவரிடமும் போன் இருந்தது. ஆனால் அவர்களுக்குச் சேர்ந்து உட்காரத்தான் தெரியும், பேசத் தெரியாது.

ஆறு மாதம் முடிந்தது. கோயிலில் கயிற்றை அவிழ்த்த அன்று சாயங்காலமே, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அப்பா பாருக்குக் கிளம்பிவிட்டார். எல்லாம் பாழாய்ப் போயிற்று என்று அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

உலை கொதிப்பதற்குள் அப்பா திரும்பி வந்தார். வாயில் துளி வாடை இல்லை. சித்தப்பா வேலை தேடிக் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்ப் பத்து நாளாகிறது என்று பாரில் சுண்டல் கொடுப்பவர் அவரிடம் சொல்லியிருக்கிறார். இது எங்களுக்குத் தெரியவர வெகுகாலம் ஆனது.

அன்று அப்பா வாசற்படியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். கடைவரை போனவரைச் சாமிதான் திருப்பி அனுப்பியது என்று அம்மா கற்பூரம் ஏற்றினாள். நானும் பக்கத்தில் நின்று, நன்றாகக் கண்ணை மூடிக் கும்பிட்டேன்.