நெனிதா பொறுக்கி எடுத்த பூட்ஸ்

நெனிதா முதலில் பார்ப்பது அக்குளைத்தான். பழைய துணி மூட்டையிலிருந்து உருவிய குளிர்சட்டையை உட்புறம் வெளியே வரும்படி புரட்டுவாள். கை உடம்போடு சேரும் தையலில் மூக்கை வைத்து ஓர் இழுப்பு. அடுத்தது ஜிப். மேலே, கீழே, மேலே, கீழே என்று ஏழு தடவை ஓட்டிப் பார்ப்பாள். ஆறு தடவை சமர்த்தாக ஓடிவிட்டு ஏழாவதில் பல்லைக் கடித்துக்கொண்ட ஜிப் ஒன்றிடம் ஒரு காலத்தில் ஏமாந்திருக்கிறாள். கடைசியாகப் பைகளுக்குள் விரலை விட்டுத் துழாவுவாள். கொரியா நாட்டுப் பேருந்துச் சீட்டு, காய்ந்த பைன் ஊசி, ஒற்றைக் காதணி என்று எதுவும் கிடைக்கும். ஒருமுறை காகிதத்தில் மடித்த ஒரு பால்பல் கிடைத்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கூரைமேல் எறிந்தாள். "எந்த ஊரு புள்ளையோ, அடுத்த பல்லு நல்லா முளைக்கட்டும்."

மலைநகரமான பாகியோவில், வெளிநாட்டுப் பழைய துணி விற்கும் கடைகளை உகாய் என்பார்கள். கிளறு, இன்னும் கிளறு என்று பொருள். கட்டுப் பிரிக்கும் காலையில் மற்றவர்கள் இரண்டு கைகளாலும் கிளறுவார்கள். நெனிதா ஒரு கையால்தான் கிளறுவாள். மறு கை, எடுத்ததை அணைத்துப் பிடித்திருக்கும். பிடித்துப்போன சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, அதை முன்பு போட்டிருந்த முகம் தெரியாத மனுஷிக்கு உரக்கவே நன்றி சொல்வாள். "நல்லா வச்சிருந்தியேம்மா. புண்ணியமாப் போச்சு." கடைக்காரிகளுக்கு இது பழகிவிட்டது. புதிதாக வந்தவர்கள்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

வாரத்தில் ஆறு நாள் குடிதண்ணீர் நிரப்பும் நிலையத்தில் வேலை. நீலக் குடங்களைக் கழுவுவது, நிரப்புவது, மூடியை உள்ளங்கையால் ஓங்கி அடித்து இறுக்குவது. அதனால் அவளுடைய வலது உள்ளங்கை எப்போதும் சிவந்திருக்கும். கணவன் டெல்ஃபின் டாக்சி ஓட்டுகிறான். அவனுக்குப் பெட்டியோடு வரும் பொருள்தான் பொருள். புதுச் செருப்பு வாங்கினால், செருப்பை விட்டுவிட்டுப் பெட்டியை இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருப்பான்.

"எவனோ செத்தவன் சட்டையா இருக்கும், நெனி" என்பான்.

"இருக்கட்டும். செத்தும் கொடுத்திருக்கான். நீ உசுரோட இருந்து எனக்கு என்ன வாங்கிக் குடுத்த?"

எதைப் பழசாக வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பதில் அவளுக்குச் சட்டம் உண்டு. ஹெல்மெட், குக்கர் ரப்பர், உள்ளாடை மூன்றும் புதிது. சோப்புத்தூள் கிலோக் கணக்கில், அரிசி மட்டும் தெரிந்தவனிடம். மழைக்கோட்டு, கூடாரம், தோள்பை, தூங்கும் பை எல்லாம் உகாய். தெருவில் யார் வீட்டில் எது வாங்குவதானாலும் இவளிடம் கேட்காமல் வாங்குவதில்லை. கேட்காமல் வாங்கி ஏமாந்தவர்கள் அதை இவள் கண்ணில் படாமல் மறைப்பார்கள்.

போன ஜனவரியில், மூத்த மகள் லிசெட் படிக்கும் பள்ளியிலிருந்து ஒரே நாளில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, வகுப்பு முழுவதும் புலாக் மலை ஏறப் போகிறது. குளிர்சட்டை, தூங்கும் பை, மழைக்கோட்டு, வழுக்காத பூட்ஸ் வேண்டும். இன்னொன்று, நூலகக் கூரை ஒழுகுகிறது. ஒவ்வொரு குடும்பமும் பத்துப் பெட்டி கடலை மிட்டாய் விற்றுத் தர வேண்டும்.

பெற்றோர் கூட்டங்களில் நெனிதா கடைசி வரிசையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துவிட்டு வருகிறவள். கடிதம் வந்த வாரக் கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"மிசஸ் எவங்கெலிஸ்தா, ஒண்ணு கேக்கலாமா? இந்த ஊர்ல எல்லார் வீட்டு அலமாரிலயும் கடலை மிட்டாய் இருக்கு. வெளியூர்க்காரன் வந்தா அவன் கையில திணிச்சு அனுப்புறோம். நமக்குள்ளயே நாம யாருக்கு விப்போம்? கொல்லன் தெருவுல ஊசி விக்கிற கதைதான்."

பொருளாளர் மிசஸ் எவங்கெலிஸ்தா கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ நீங்களே ஒரு வழி சொல்லுங்க."

சொல்வதற்கு நெனிதா எதையும் தயார் செய்து வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள். "முப்பத்தாறு புள்ளைங்க. முப்பத்தாறு வீடும் ஓடி ஓடி வாங்கும். ஒருநாள் போட்டுட்டு மூட்டை கட்டி வைக்கும். எதுக்கு? ஒரே தடவை பள்ளிக்கூடமே வாங்கட்டும். நான் பொறுக்கித் தரேன், துவைச்சும் தரேன். நம்ம புள்ளைங்க போட்டது போக, மத்தப் பள்ளிக்கூடத்துக்கு வாடகைக்கு விடுவோம். வர்ற காசு கூரைக்கு."

முன்வரிசையிலிருந்து ஓர் அப்பா, "நெனிதா பொறுக்கினா நான் கண்ணை மூடிட்டு ஒத்துக்கிறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தை நெனிதாவை மூன்று வாரம் தூங்கவிடவில்லை.

மூன்று வாரமும் கட்டுப் பிரிக்கும் கடைகளில்தான் அவளுக்கு விடிந்தது. முப்பத்தாறு சட்டைகளும் அக்குளில் மோந்து, ஜிப் ஓட்டி எடுத்தவை. தூங்கும் பைகளுக்குள் தானே புகுந்து படுத்துப் பார்த்தாள். பூட்ஸ்களை வளைத்து, நகத்தால் கீறி, உள்ளே கைவிட்டுத் தடவினாள். வீட்டில் குளியலறைக்குப் போக வழியில்லாமல் எங்கும் ஈரத் துணி தொங்கியது. டெல்ஃபின் குனிந்து குனிந்து நடந்தான். "வீட்டுக்குள்ளயே மலை ஏறுறேன்" என்றான். ஆனாலும், வண்டியின் பின்சீட்டில் மூட்டைகளை ஏற்றிப் பள்ளிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் அவன்தான்.

அந்தக் குவியலில் ஒரு ஜோடி பூட்ஸ் நெனிதாவுக்கு உயிர். பழுப்புத் தோல், சிவப்புக் கயிறு, அடியில் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. யாரோ வாங்கிப் போடாமலே வைத்திருந்தது. அளவு, லிசெட்டின் தோழி ரோவினாவுக்குச் சரியாக இருந்தது. பூ விற்கிறவளின் மகள். பூட்ஸை அவ்வளவு பிரியமாக வாங்கிக்கொண்டாள் என்று நெனிதா எல்லோரிடமும் சொன்னாள்.

மலையிலிருந்து பிள்ளைகள் திரும்பிய மாலை, லிசெட் பையைக் கீழே வைக்காமலே சொல்ல ஆரம்பித்தாள்.

"அம்மா, நீ கத்தக் கூடாது. உச்சிக்குப் போற வரைக்கும் ஒண்ணும் இல்ல. இறங்கும்போது புல்லெல்லாம் உறைபனிம்மா, கண்ணாடித் தூள் மாதிரி. ரோவினாவோட இடது பூட்ஸு திடீர்னு வாயைப் பொளந்துச்சு. அடி தனியா வந்துருச்சு. பத்தடி போகல, வலதும் பிஸ்கட் மாதிரி உதிர்ந்து போச்சு."

நெனிதா கத்தவில்லை. "புள்ளை எப்படி இறங்கினா?" என்று மட்டும் கேட்டாள்.

"அகுஸ்டா அக்கான்னு ஒரு சுமைகாரம்மா, எங்க பையெல்லாம் தூக்கிட்டு வந்தவங்க. சுமையை இறக்கி வச்சாங்க. தன்னோட ரப்பர் பூட்ஸைக் கழட்டி, 'போட்டுக்கோ பாப்பா'ன்னாங்க. ரோவினா வேணாம்னு அழுதா. 'இந்த மலைக்கு என்னைத் தெரியும், உன்னைத் தெரியாது. பேசாம காலை நீட்டு'ன்னு அதட்டினாங்க. அவங்க காலுறைமேல பிளாஸ்டிக் பையைக் கட்டி, ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு, அத்தனை சுமையோட அடிவாரம் வரைக்கும் வந்தாங்கம்மா. கீழ வந்தும் பூட்ஸைத் திரும்ப வாங்கல. 'வெறுங்காலோட வீட்டுக்கா போவ? பூட்ஸு எங்க ஓடிடப் போகுது'ன்னுட்டாங்க. டீச்சர் பணம் குடுத்தாங்க, தொடவே இல்ல."

நெனிதா அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். தெரு முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய கை. அந்தக் கையை ஏதோ புதுப்பொருள் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டெல்ஃபின் கேலி செய்யவில்லை. லிசெட் கொண்டுவந்திருந்த உதிர்ந்த பூட்ஸ் ஜோடியை எடுத்துக்கொண்டுபோய், டாக்சி நிறுத்தத்தில் செருப்புத் தைக்கிறவனிடம் காட்டிவிட்டு வந்தான்.

"உன்மேல தப்பு இல்ல, நெனி. போடாம வருஷக்கணக்கா கெடந்ததுதான் அதுக்கு வியாதியாம். வெளிய புதுசு மாதிரி இருக்கும், உள்ள பசையும் நுரையும் செத்துப் போயிருக்கும். யாராலயும் பாத்துக் கண்டுபிடிக்க முடியாதாம்."

"கண்டுபிடிக்க முடியாததை எதுக்கு நான் ஒரு புள்ளை காலுல மாட்டினேன்?"

மறுநாள் பூச்சந்தைக்கு, ரோவினாவின் அம்மாவிடம் போனாள். வழியெல்லாம் வசவுகளைத் தானே தனக்குச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். ரோவினாவின் அம்மா கார்னேஷன் பூக்களின் தண்டை வெட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"இவ்வளவுதானா? நான் வேற என்னமோன்னு பயந்துட்டேன். அக்கா, என் பொண்ணு கால் நனையாம வந்துருச்சு. நீங்க குடுத்த சட்டைக்குள்ள வேர்த்துச்சாம், அந்தக் குளிர்ல! நான் தனியா வாங்கணும்னா அவளை மலைக்கே அனுப்பியிருக்க மாட்டேன். அது தெரியுமா உங்களுக்கு?" சொல்லிவிட்டு, பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு பை நிறையச் சௌசௌக் காயை எடுத்து நீட்டினாள். திட்டு வாங்கப் போனவள் சௌசௌவோடு திரும்பினாள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில், யாரும் கேட்பதற்கு முன்பே எழுந்து நடந்ததைச் சொன்னாள். மீதியுள்ள பூட்ஸ்களை இனி வாடகைக்கு விட வேண்டாம், அது மட்டும் அவரவர் புதிதாக வாங்கட்டும் என்றாள். மிசஸ் எவங்கெலிஸ்தா, "தப்பைத் தானா வந்து சொன்ன முதல் ஆள் நீங்கதான்" என்று சொல்லி, சாமான்கள் வைத்திருந்த அறையின் சாவியை இவளிடமே விட்டார். சட்டைகளும் தூங்கும் பைகளும் இன்று நாலு பள்ளிகளுக்குப் போய்வருகின்றன. ஜூன் மழைக்கு முன் நூலகத்தில் தகரம் மாற்றிவிட்டார்கள். ஆனால் நெனிதாவுக்கு அந்த ஆண்டின் பெரிய காரியம் கூரை அல்ல.

அகுஸ்டாவின் ரப்பர் பூட்ஸை ரோவினாவிடமிருந்து வாங்கிவந்து மூன்று தண்ணீரில் கழுவி, குப்புற வைத்துக் காயவைத்தாள். சனிக்கிழமை, கடைத்தெருவில் பூட்ஸைப் பெட்டியோடு விற்கும் கடைக்குள் முதன்முறையாகத் தானாக நுழைந்தாள். கம்பளிக் காலுறை நான்கு ஜோடி, உள்ளே பஞ்சு வைத்த கனத்த ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி. விலையைக் கேட்டாள், கொடுத்தாள். வெளியே வண்டியில் காத்திருந்த டெல்ஃபின் திகைத்துப் போனான்.

"பேரமே பேசலையா நீ?"

"இதுல போய் எப்படிப்பா பேரம் பேசுறது?"

ஞாயிறு காலைப் பேருந்தில் மூன்றரை மணி நேரம். டீச்சரிடம் வழி கேட்டு வைத்திருந்த அகுஸ்டாவின் வீடு, மலையடிவாரத்தில் சாலைத் திருப்பத்துக்குக் கீழே, கேரட் பாத்திகளுக்கு நடுவில் இருந்தது. ஐம்பதை ஒட்டிய, குட்டையான பெண். வந்தது யாரென்று சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஒரு பூட்ஸைக் குடுக்கவா இவ்வளவு தூரம்? டிரைவர் கிட்ட குடுத்தனுப்பினா வந்து சேந்துடுமே!"

நெனிதா ஒரு பேச்சு யோசித்து வைத்திருந்தாள். அது வரவில்லை. "உங்க காலு..." என்றாள்.

"காலுக்கு என்ன? ரெண்டு நாள் எரிஞ்சுது. அப்புறம் அதுவே மறந்துடுச்சு." அகுஸ்டா புதுப் பூட்ஸைப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இது எதுக்கு? நான் கைம்மாறுக்கா குடுத்தேன்?"

"கைம்மாறு இல்லக்கா. என் கை தப்பு பண்ணுச்சு. உங்க காலு அதைத் தாங்குச்சு. வாங்கிக்கலன்னா நான் ஊருக்குப் போயி யார் வீட்டுக்கும் ஒரு சட்டைகூடப் பொறுக்க முடியாது."

அகுஸ்டா அங்கேயே உட்கார்ந்து பூட்ஸை மாட்டி, எழுந்து, பாத்தி ஓரமாக ஒரு சுற்று நடந்து வந்தாள். "சூடா இருக்கு" என்றாள். இருவரும் காபி குடித்தார்கள். அகுஸ்டாவின் பேத்திக்குப் பள்ளியில் எந்தப் புத்தகப்பை தாங்கும், எது ஒரு மழைக்குத் தையல் விடும் என்று நெனிதா விலாவாரியாகச் சொன்னாள். பேருந்து ஒலிப்பான் கேட்டதும், அகுஸ்டா பாத்திக்குள் இறங்கிக் கைக்கு அகப்பட்ட கேரட்டுகளை மண்ணோடும் இலையோடும் பிடுங்கி, வாழைநாரில் கட்டித் திணித்தாள்.

பேருந்தில் கண்டக்டர் பையன் கையை நீட்டினான். "குடுங்கக்கா, மேல வைக்கிறேன். உடுப்பெல்லாம் சேறாகுது பாருங்க."

"இருக்கட்டும், தம்பி."

பாகியோ வரும் வரை நெனிதா கேரட் கட்டை இரண்டு கைகளாலும் மடியில் அணைத்துக்கொண்டே இருந்தாள். ஈர மண் பாவாடையில் ஊறிப் பரவியது. அவள் அதைத் தட்டிவிடவில்லை.