எங்கள் டூப்ளிகேட்டைத் தேடித் திருவண்ணாமலைக்கு

திருவண்ணாமலைக்கு மக்கள் சாமி கும்பிடப் போவார்கள், மலை சுற்றப் போவார்கள். நானும் ரேவதியும் 2007 பிப்ரவரியில் போனது ஒரு கடைக்காரரோடு சண்டை போட. ஆகவே இதில் கோயில் விவரம் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரேவதி என் மனைவி. தாம்பரத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில் வெட்டிவேர் மெழுகு செய்கிறாள். வேரை நல்லெண்ணெயில் காய்ச்சி வடிகட்டி, தேன்மெழுகும் சந்தனமும் சேர்த்து, சின்னத் தகர டப்பாவில் ஊற்றி ஆறவிடுவது. ஆண்கள் சவரம் செய்தபின் கன்னத்தில் தடவிக்கொள்வார்கள், பெண்கள் கழுத்தில் வைத்துக்கொள்வார்கள். சில வருடங்கள் நன்றாகவே போனது. பிறகு பழைய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். கேட்டால் மழுப்பினார்கள்.

இந்த நேரத்தில்தான் அவளுடைய தோழி ஒருத்தி, ரமணாசிரமம் பக்கம் வாங்கியது என்று ஒரு டப்பாவைக் காட்டினாள். மெழுகு தீர்ந்து, உள்ளே சேஃப்டி பின் போட்டு வைத்திருந்தாள். டப்பாவும் பச்சை லேபிளும் அப்படியே எங்களுடையது, பெயர் மட்டும் வேறு. ரேவதி கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "யாரு வேணா செய்யலாம்னா நான் எதுக்குச் செய்யணும்?" என்று சொல்லிவிட்டு மெழுகு காய்ச்சுவதையே விட்டுவிட்டாள். இரண்டு வாரம் அடுப்பில் சாம்பார் மட்டும்தான் கொதித்தது. அவள் இனிமேல் செய்யவே மாட்டாளோ என்று எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. நேரில் போய்க் கேட்டுவிடலாம் வா என்று நான்தான் கிளப்பினேன்.

தாம்பரத்தில் காலை ஆறு மணிக்குப் பேருந்து. திண்டிவனம், செஞ்சி வழியாக ஏறக்குறைய நூற்று அறுபது கிலோமீட்டர், நாலரை மணி நேரம். செஞ்சிக்கோட்டை தெரிய வேண்டுமென்றால் வலப்பக்கமா இடப்பக்கமா உட்கார வேண்டும் என்று யாராவது கேட்பீர்கள். நான் வழிநெடுக வசனம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

பேருந்து நிலையத்திலிருந்து, ஆசிரமம் இருக்கும் செங்கம் சாலைக்கு ஆட்டோ நாற்பது ரூபாய். இரண்டு பக்கமும் அத்தர், ஊதுபத்தி, மூலிகை சோப்புக் கடைகள், எல்லாவற்றிலும் 'ஒரிஜினல்' போர்டு.

"இதுல எதுங்க ஒரிஜினல்?" என்று ஓட்டுநரைக் கேட்டேன்.

"எல்லாமே ஒரிஜினல்தாங்க. வெல ஜாஸ்தின்னா ரொம்ப ஒரிஜினல்" என்றார் அவர்.

கடையைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. ஒரு விடுதியை ஒட்டிய சின்ன அறை. நடத்துகிறவர் பெயர் தனலட்சுமி, முப்பத்தைந்து வயதிருக்கும், கீழ்பென்னாத்தூர்க்காரர். முன்பு அதே விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாராம். நான் வசனத்தை ஆரம்பிப்பதற்குள் ரேவதி முந்திக்கொண்டாள். நாங்கள் யார் என்று சொல்லாமல், கடைசியாகச் செய்ததில் இன்னும் லேபிள் ஒட்டாத ஒரு டப்பாவைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"இது உங்களோடதானான்னு பாருங்க."

தனலட்சுமி மெழுகை மணிக்கட்டில் தேய்த்தார். வாசலுக்குப் போய் வெயிலில் கையை நீட்டிக்கொண்டு நின்றார். சூடு ஏறினால்தான் அடி வாசனை மேலே வருமாம். முகர்ந்துவிட்டு வந்தார்.

"இது டூப்ளிகேட்டுங்க. நம்மளப் பாத்து யாரோ பண்றாங்க."

ரேவதிதான் கேட்டாள், "எத வெச்சு சொல்றீங்க?"

"தீஞ்ச வாசன இல்லியே" என்றார் தனலட்சுமி. "ஒரு வெள்ளக்காரம்மா ரூம காலி பண்றப்போ ஒரு டப்பாவ உட்டுட்டுப் போனாங்க. அடுத்த வருசம் அந்தம்மாவே வந்து அதே மாதிரி வேணும்னு கேட்டாங்க. நானும் பண்ணிப் பண்ணிப் பாத்தேன், வரல. வேரு கொஞ்சம் தீயணும்னு அப்பறம்தான் புரிஞ்சுது. அந்த டப்பாவ பண்ணவங்க லேசுப்பட்ட ஆளில்லீங்க."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் எங்களிடம் இருந்தது அடி மெலிந்த பாத்திரம். ஒவ்வொரு முறையும் வேர் லேசாகத் தீய்ந்துவிடும். சென்னையில் ஒரு பெரிய கடைக்காரர் 'கருகல் நாற்றம்' என்று மூக்கைச் சுளித்த அன்று ரேவதி கூனிக் குறுகிப்போனாள். அடி கனத்த பாத்திரமும் தெர்மாமீட்டரும் வாங்கினாள். அதற்குப் பிறகு ஒரு வேர்கூடத் தீயவில்லை. பழைய வாடிக்கையாளர்கள் நின்றுபோனதும் அதற்குப் பிறகுதான். அவள் தவறு என்று வெட்கப்பட்டதைத்தான் இந்த அம்மா பாடுபட்டுப் பழகியிருக்கிறார்.

ரேவதி தனலட்சுமியின் டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். அவள் கண் கலங்கிவிட்டது. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். தனலட்சுமி இரண்டு டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப அது நீங்கதானா? இவ்ளோ நல்லாயிருக்கறத ஏங்க உட்டுட்டீங்க?"

பஸ்ஸில் அவ்வளவு ஒத்திகை பார்த்ததில் எனக்கு மிஞ்சியது லேபிள் மட்டும்தான், அதைக் கேட்டேன். "லேபிள மாத்திடறேங்க, ஆனா வாசனைய மாத்த மாட்டேன்" என்றார். "வாசனைய மாத்திடாதீங்க" என்றாள் ரேவதி. திருடியவரிடம் போய் இவள் ஏன் கெஞ்சுகிறாள் என்று எனக்குத் தலை சுற்றியது. திருடியவர் என்று அவரைச் சொல்லலாமா என்பதும் அப்போது தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

போகிறவர்களுக்கு: பௌர்ணமியைத் தவிர்த்தால் பேருந்திலும் அறையிலும் இடம் கிடைக்கும். ஆட்டோவில் ஏறும் முன்பே பேசிவிடுங்கள். மதியம் கோயில் நடை சாத்திவிடுவார்கள், நாங்கள் அப்படித்தான் கோபுரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அத்தர் வாங்கினால் கடைக்குள் முகர்ந்து முடிவு செய்யாமல், கையில் தடவி வெயிலில் கொஞ்சம் நில்லுங்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாளே ரேவதி அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள். பழைய பாத்திரம் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது, அதேபோல ஒன்று தேடி வாங்கியிருக்கிறாள். ஒருநாள் வேர் தீயவே இல்லை, மறுநாள் கரியாகிவிட்டது. வீடு முழுக்கப் புகை, அவள் முகத்தில் மட்டும் சிரிப்பு. இதைப் படிப்பவர்கள் எந்த டப்பாவை வாங்குவது என்று கேட்பார்களே, என்ன எழுதட்டும் என்று அவளிடம் கேட்டேன்.

"இப்போதைக்கு அவங்களோடத வாங்கச் சொல்லுங்க" என்றாள். "நம்மளது இன்னும் அது மாதிரி வரல."