ஒற்று மிகும் இடம்

‘பாப்பா நல்லா வலருது’ என்று தம்பி மகள் தன் குழந்தையின் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால், பெரியப்பா படத்தைப் பார்ப்பதற்கு முன்பே ‘வளருது. ள.’ என்று பதில் அனுப்பிவிடுவார். குழந்தையைப் பிறகுதான் பார்ப்பார். பார்த்து உருகியும் போவார். அது அங்கே யாருக்குத் தெரியும்?

கல்யாணம் பண்ணிக்கொள்ளாத மனிதர். காப்பீட்டு அலுவலகத்தில், வெளியே போகும் கடிதங்களைத் திருத்துவது வேலை. ‘தாங்கள் வருகை புரியுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்’ என்று யாராவது எழுதிக்கொண்டு வந்தால், மொத்தத்தையும் அடித்துவிட்டு ‘வாருங்கள்’ என்று எழுதுவார். “வான்னா வரப் போறான். எதுக்கு இத்தனை சுத்து?” என்பார். அலுவலகத்தில் இதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். வீட்டில் கொடுப்பார்களா?

குடியிருப்பு லிஃப்டில் ஒட்டும் அறிவிப்பைக்கூட விடமாட்டார். ‘நாளை தன்னீர் வராது’ என்றிருந்ததை நின்று நிதானமாகத் திருத்தினார். தண்ணீர் பிடித்து வைக்கத்தான் மறந்துபோனார்.

கொஞ்ச நாளாகக் குரூப்பில் ஈ, காக்கை இல்லை. எல்லோருக்கும் வேலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார், பாவம். போன ஞாயிறு மத்தியானம் தனியாகச் சாப்பிட உட்கார்ந்தபோது தம்பி மகளின் செய்தி வந்து விழுந்தது: ‘பாப்பா நடக்கற வீடியோவ பெரியப்பா இல்லாத குரூப்புல மட்டும் போடுங்க. அவரு பாத்தா ப் எங்க, க் எங்கன்னு உயிர வாங்குவாரு.’ இடம் மாறி வந்த செய்தி. உடனே அழித்துவிட்டாள். ஆனால் அவர் படித்துவிட்டார்.

தம்பியைக் கூப்பிட்டார்.

“இன்னொரு குரூப் இருக்காடா?”

“அது சும்மா, பசங்க அரட்டைக்கு வச்சிருக்காங்கண்ணே.”

“நீயும் அதுல இருக்கியா?”

“சாப்பிட்டீங்களா?” என்று கேட்டான் தம்பி.

“பாப்பா நடக்க ஆரம்பிச்சது எப்போ?”

“போன மாசமே…”

போனை வைத்தபோது அவருக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, ஆளில்லாத அந்தப் பழைய குரூப்பில் ‘பாப்பாவைப் பார்க்கணும் போல இருக்கு’ என்று தட்டினார். எப்போதும்போல ஒருமுறை படித்துப் பார்த்தார். பிழையே இல்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ‘வை’க்கும் ‘பா’வுக்கும் நடுவில் இருந்த ‘ப்’பை மட்டும் அழித்துவிட்டு அனுப்பினார்.