நூற்று நாற்பதைக் கழித்தவன்

போன வாரம் நாயுடுபுரத்தில் என் காரின் தலையில் ஒரு தைல மரம் விழுந்தது. நான் உள்ளே இல்லை. எதிர்க் கடையில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன். நல்ல பழக்கங்கள் யாரையும் காப்பாற்றியதாக நான் கேள்விப்பட்டதில்லை. பஜ்ஜி என்னைக் காப்பாற்றியது. காற்று அந்தக் கடையின் தகரத்தைப் பிய்த்துச் சுழற்றிப் பள்ளத்தில் எறிந்த நேரத்தில் கைப்பேசியைப் பார்த்தேன். ‘இலேசான தூறல்’ என்றது, ஒரு குட்டி மேகத்தைப் போட்டு. அதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் குட்டி மேகத்தின் பங்காளிகளில் நானும் ஒருவன்.

பிளந்து கிடந்த மரத்திலிருந்து தைல வாடை குப்பென்று வந்தது. மற்றவர்களுக்கு அது ஜலதோஷத்தை ஞாபகப்படுத்தும். எனக்கு என் முதல் வேலையை. மலைமேல், தைல மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன வானிலை அலுவலகம். பெயர் வேண்டாம், அதில் கெட்டுப்போகிற மாதிரி இருந்த ஒரே பெயர் என்னுடையதுதான். கன்னிவாடிக்காரரான ஆல்பர்ட் சார் தலைமை. கீழே நான். எனக்கும் கீழே நாற்காலி.

மேசையில் இரண்டு பெரிய திரைகள். சுற்றுவட்டார ஊர்களின் மழை அளவைப் போனில் கேட்டு நான் தட்டச்சு செய்வேன். மென்பொருள் அளவு ஒத்த ஊர்களைக் கோட்டால் இணைத்து வண்ணம் பூசும். ஏதாவது ஓர் ஊர் மட்டும் முரண்டு பிடித்தால், அதைச் சுற்றிக் கொசுவர்த்திச் சுருள்போல வட்டங்கள் விழுந்து படம் பாழாகும். அப்படிப்பட்ட எண்ணைச் சிவப்பில் காட்டி, ‘அக்கம்பக்கத்தோடு பொருந்தவில்லை. ஏற்கவா, நீக்கவா?’ என்று கேட்கும். மரியாதையான மென்பொருள். என்னை அவ்வளவு மதித்துக் கேள்வி கேட்டவர்கள் அந்த வயதில் வேறு யாரும் இல்லை.

பேத்துப்பாறையின் மழையை அளந்தவர் ராசாத்தி அக்கா. காட்டுக்கூலிக்குப் போகிறவர். காலை எட்டரைக்கு மழைமானித் தண்ணீரைக் குடுவையில் ஊற்றிப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் களை வெட்டப் போவார். ஒருமுறை சுட்டெரிக்கிற வெயில் நாளில் பதினோரு மில்லிமீட்டர் என்றார். திரை சிவந்தது. விசாரித்தால், ஊர்க் குடிகாரன் ஒருவன் முந்திய ராத்திரி மழைமானியைக் கழிப்பறையாக்கியிருக்கிறான். “நாத்தம் வந்துச்சு சார். ஆனா அளக்கத்தான சொன்னீங்க? மோந்து பாக்கச் சொல்லலையே” என்றார் அக்கா. அன்றிலிருந்து மென்பொருள் எனக்குக் குலசாமி ஆனது.

அந்த நாளைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பத்து மணிக்கே மலை இருட்டிவிட்டது. எங்கள் ஜன்னலில் காற்று முட்டியதே தவிர மழை பெரிதாக இல்லை. மலைக்குக் கீழே கன்னிவாடியில் வெயில். ஆல்பர்ட் சார் தேநீருக்குப் போயிருந்தார். பதினொன்றரைக்கு ராசாத்தி அக்கா போனில் கத்தினார். பின்னால் கற்கள் உருளும் சத்தம்.

“நூத்திநாப்பது சார்! எட்டரைக்கு ஊத்துனதுக்கு அப்புறம் மட்டும் நூத்திநாப்பது!”

“மூணு மணி நேரத்துலயா? சரியாப் பாத்தீங்களாக்கா?”

“ரெண்டு தடவ பாத்துட்டேன். வெரசாப் போடுங்க. எந்தம்பி சின்னராசு ஓடைக்கு அங்கிட்டு காரட்டுக் காட்டுல நிக்கிறான், ஒம்பது பேரோட. ஆபீஸ்ல இருந்து மெசேஜ் வந்தாத்தான் ஆள விடுவேன்னு மேஸ்திரி நிக்கிறான். தரைப்பாலத்துல இப்ப முழங்கால் தண்ணிதான்!”

தட்டினேன். சிவப்பு. சுற்றிலும் பன்னிரண்டு, எட்டு, பூஜ்யம். நடுவே நூற்று நாற்பது. கொசுவர்த்தி சுருண்டது. எண்ணை ஏற்றிருந்தால் எச்சரிக்கைச் செய்தி தானாகவே மேஸ்திரியின் போனுக்குப் போயிருக்கும். நான் குடிகாரனை நினைத்தேன். இன்னும் உண்மையைச் சொன்னால், படத்தைத்தான் நினைத்தேன். ‘நீக்கு’ என்று அமுக்கினேன். வட்டங்கள் மறைந்தன. மலை முழுக்க ஒரே சீரான இளம்பச்சை, பார்க்க அவ்வளவு அழகு.

ஐந்து நிமிஷத்தில் மறுபடி அக்கா. “போட்டீங்களா சார்?”

விளக்கம் சொல்லச் சோம்பலாக இருந்தது.

“போட்டாச்சுக்கா.”

ஆல்பர்ட் சார் நனைந்து உள்ளே வந்தார். பேத்துப்பாறைப் பக்கம் வானத்தைப் பார்த்தவர், திரையைப் பார்த்தார். “ஏலே, அங்கிட்டு மல இடிஞ்சு விழுற மாதிரி கெடக்கு, நீ புல்லுக்கட்டு வரைஞ்சு வச்சிருக்க?” நீக்கிய பட்டியலைத் திறந்தார். ஒரே ஓர் எண். என்னை நாற்காலியோடு தள்ளினார். சுவரில் மோதி நின்றேன். அவர் எண்ணை ஏற்றுச் செய்தி அனுப்பியபோது அரை மணி ஆகியிருந்தது.

செய்தி கிடைத்ததும் மேஸ்திரி ஆட்களை விட்டான். அதற்குள் ஓடை செம்மண் குழம்பாகி, வேரோடு மரங்களையும் ஆள் உயரப் பாறைகளையும் உருட்டி வந்தது. கயிறு கட்டி ஒன்பது பேர் கரையேறினார்கள். கடைசியாகக் கயிற்றின் மறுமுனையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கிய சின்னராசுவின் மேல் ஒரு மரம் வந்து மோதியது. கரையில் இழுத்தவர்களின் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு கயிறு போனது. இரண்டு நாள் கழித்துக் கீழே கிடைத்தவரை அந்தக் கயிற்றை வைத்துத்தான் அடையாளம் சொன்னார்கள்.

ஐந்தாம் நாள் ராசாத்தி அக்கா அலுவலகத்துக்கு வந்தார். ஆல்பர்ட் சார் எழுந்து நின்றார். “மெஷின் தப்பு பண்ணிருச்சும்மா” என்றார். என்னைக் காப்பாற்ற அந்த நல்ல மனிதர் சொன்ன ஒரே பொய்.

அக்கா திரையைப் பார்க்கவே இல்லை. “மெசினா எங்கிட்ட போட்டாச்சுன்னு சொல்லுச்சு?”

நான் எழுந்தேன். “நான்தாங்க்கா.”

அறைந்தார். கண்ணாடி பறந்து உடைந்தது, வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. இன்னொன்று. மூன்றாவதற்கு ஓங்கிய கையை அவரே இறக்கிக்கொண்டு வெளியேறினார். பூண்டுக் காட்டில் காய்த்த கை. இடது காதில் இரைச்சல் ஒரு வாரம் போகவில்லை. போகாமலே இருந்திருக்கலாம்.

இனி பேத்துப்பாறையிலிருந்து எண் வராது என்று நினைத்தேன். மறுநாள் எட்டரைக்குப் போன் அடித்தது.

“ரெண்டு. எழுதிக்கிட்டீங்களா?”

“எழுதிட்டேங்க்கா.”

“வாசிங்க.”

“ரெண்டு.”

“எழுதுனத வாசிங்க. சொன்னதச் சொல்லாதீங்க.”

அதற்குப் பிறகு நான் அந்த வேலையில் இருந்த ஆறு வருஷமும் இப்படித்தான். தினமும் வாசித்துக் காட்டுவேன், வைத்துவிடுவார். வேறு ஒரு வார்த்தை பேசியதில்லை. பூஜ்யத்தையும் வாசித்தேன்.

மரம் விழுந்த மறுநாள், மனசு கேட்காமல் அந்த அலுவலகத்துக்குப் போனேன். பேத்துப்பாறையில் இப்போது கம்பம் நட்டிருக்கிறார்கள். மழையைத் தானே அளந்து தானே அனுப்புகிறது. எட்டரைக்குப் போன் அடிப்பதில்லை. அக்கா மகளோடு திருப்பூர் போய்விட்டாராம். நான்கு திரைகளுக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். படம் என் காலத்தைவிட அழகு. ஒரு கொசுவர்த்தி இல்லை.

“சிவப்பு எண் வந்தா என்னம்மா பண்ணுவீங்க?” என்றேன்.

“அதெல்லாம் ஸ்க்ரீனுக்கே வராது சார். தானாவே கழிச்சுரும்.”

“யாரு கழிக்கிறது?”

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கேள்வி புரியவில்லை. தவறு அவளுடையது இல்லை. நாளைக்கு ஒரு ராசாத்தி பேத்துப்பாறையிலிருந்து கிளம்பி வந்தால், அறைய அங்கே ஒரு கன்னம் இல்லை.